எண்ணூறு கிலோ

சூப்பர்வைசர்: ...அதத்தான் சொல்றேன் மேடம், இவருக்காக நேரத்த வீணாக்காதீங்க. குடோன்ல பாரம் தூக்குற டீசல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுன ஆளு. இந்தப் பேட்டரி வண்டிய ஒரு மாசமா கழுவத்தான் விட்டிருக்கேன்.

பெரியவர்: கழுவுனது சுத்தமா இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க.

தேர்வாளர்: சார், நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. ஐயா, ஏறி உக்காருங்க. பெல்ட்டு.

பெரியவர்: போட்டாச்சும்மா. முப்பத்தோரு வருஷம் ஓட்டுனவனுக்குப் பரீட்சை... அஞ்சாங்கிளாஸ்ல உதறிட்டு ஓடுனேன், தேடி வந்து பிடிச்சுக்கிச்சு.

தேர்வாளர்: எல்லாருக்கும்தான் வைக்கிறோம். சான்றிதழ் இல்லாம இனிமே யாரும் வண்டியில ஏற முடியாது.

பெரியவர்: ஏறலன்னா?

சூப்பர்வைசர்: வெளக்குமாறு எடுத்து வச்சிருக்கேன் பெருசு. புதுசு.

பெரியவர்: அதுக்கும் பரீட்சை உண்டா சார்?

தேர்வாளர்: ஐயா, புது வண்டியப் பத்தி ஏதாவது கத்துக்கிட்டீங்களா?

பெரியவர்: கத்துக்க என்ன இருக்கு. வண்டின்னா வண்டி.

சூப்பர்வைசர்: கேட்டுக்கிட்டீங்களா?

தேர்வாளர்: சரி... முன்னால இருக்கிற மரப்பெட்டிய எடுத்து ரெண்டாவது தட்டுல வைக்கணும். எடை மேல ஒட்டியிருக்கு, எண்ணூறு கிலோ. வண்டி ஒரு டன் தாங்கும். பத்து நிமிஷம்.

பெரியவர்: யாரு ஒட்டுனது?

தேர்வாளர்: எத?

பெரியவர்: அந்தத் தாள.

தேர்வாளர்: ...ஆபீஸ்ல ஒட்டுனாங்க.

பெரியவர்: ம்.

சூப்பர்வைசர்: பாருங்க, ஒரு சாண் தூக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. பெருசு, வண்டி தூங்குதா, நீ தூங்குறியா?

பெரியவர்: இருங்க சார்... ஸ்டியரிங்க அப்படி இப்படித் திருப்பிப் பாக்குறேன்...

தேர்வாளர்: எட்டு நிமிஷம் இருக்குங்க ஐயா.

பெரியவர்: எட்டு வேண்டாம். இறக்கிட்டேன். இந்தாங்க சாவி.

தேர்வாளர்: ஏன்?

பெரியவர்: இத நான் தூக்க மாட்டேன். ஸ்டியரிங் பஞ்சாட்டம் சுத்துது. ஸ்டியரிங் திருப்புற பின் சக்கரம் தரைய விடப் பாக்குதுன்னு அர்த்தம். இன்னும் தூக்குனா வண்டி குப்புற விழும்.

தேர்வாளர்: எண்ணூறுன்னு தெளிவா எழுதியிருக்கே?

பெரியவர்: வண்டி விழுந்தா அந்தத் தாளா வந்து அடியில படுக்கும்?

தேர்வாளர்: தூக்கலன்னா ஃபெயில்னு போட வேண்டியிருக்கும்.

சூப்பர்வைசர்: போடுங்க மேடம். காலையில இதே பெட்டிய நானே தூக்குனேன். பாதியிலயே நீங்க போதும்னுட்டீங்க, அவ்வளவு சுத்தமா தூக்குனேன்.

பெரியவர்: அப்ப வெளக்குமாற எடுங்க சார். பெருக்கிட்டுப் போறேன். கீழ நிக்கிற எவன் தலையிலயும் இதக் கவுக்க மாட்டேன்.

தேர்வாளர்: இருங்க ஐயா, இறங்காதீங்க... உங்க கணக்குக்கு எவ்வளவு இருக்கும்?

பெரியவர்: ஆறரை டிரம்.

தேர்வாளர்: டிரம்மா?

பெரியவர்: தண்ணி டிரம்முதாம்மா. இருநூறு லிட்டரு. பெருக்கல் நீங்க போட்டுக்கோங்க, நான் அஞ்சாங்கிளாஸ்.

தேர்வாளர்: ஆயிரத்து... முன்னூறு.

பெரியவர்: ஏன் சிரிக்கிறீங்க?

தேர்வாளர்: அதேதான் ஐயா. ஆயிரத்து முன்னூறு. அந்தப் பொய்த்தாள ஒட்டுனது நான்தான். பரீட்சையே அதுதான். இருபத்திரண்டு பேருல தூக்க மாட்டேன்னு சாவியக் குடுத்தது நீங்க ஒருத்தர். பாஸ்.

சூப்பர்வைசர்: அப்ப காலையில... என்னைப் போதும்னது...

தேர்வாளர்: பின் சக்கரம் எழும்பிடுச்சு சார். அதான் நிறுத்தச் சொன்னேன்.

பெரியவர்: வெளக்குமாறு புதுசுன்னீங்கள்ல சார்?

தேர்வாளர்: ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஐயா. டீசல் வண்டின்னா முனகிக் காட்டிக் குடுத்துடும். இது மூச்சே விடாது. கத்துக்கவும் இல்லங்கிறீங்க. பின்ன ஸ்டியரிங்க வச்சு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

பெரியவர்: கழுவச் சொல்லி சாவியக் குடுத்தாருல்ல... சாப்பாட்டு நேரத்துல யாரும் இருக்க மாட்டாங்க. தினமும் தண்ணி டிரம்ம ஒவ்வொண்ணா ஏத்தி, ஒரு சாண் தூக்கித் தூக்கி இறக்குவேன். ஒரு மாசம்மா. அஞ்சு வரைக்கும் ஸ்டியரிங் கனமா இருக்கும், ஆறாவதுல பஞ்சாயிடும். கத்துக்கிறேன்னு வாயத் தொறந்திருந்தா... அன்னைக்கே சாவியப் பிடுங்கியிருப்பாரு.