வார்கா துப்பாக்கியில் இல்லாத பள்ளம்

எனக்கு அடுப்பு செய்வதுதான் பிடித்த வேலை. கதவு சரியாக மூடினால் வீடு சூடாகும், மூடாவிட்டால் வீட்டுக்காரி நம்மைத் திட்டுவாள், அதோடு போயிற்று. ஸ்லவோனியாவில் பாதி வீடுகளில் எங்கள் பட்டறை அடுப்புதான் எரிகிறது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம், அதிகாரி ஐயா.

தொண்ணூற்றொன்றில் போர் வந்தது. வெளிநாட்டில் ஆயுதம் வாங்கத் தடை. சும்மா இருப்போமா? பூட்டு செய்தவன், டிராக்டர் பழுதுபார்த்தவன், எல்லாரும் துப்பாக்கி செய்ய இறங்கினார்கள். குரோவேஷியாவில் அந்த ஆண்டு பட்டறைக்கு ஒரு சிறு இயந்திரத் துப்பாக்கி பிறந்தது. ஒன்றின் தோட்டாக் கூடு இன்னொன்றில் நுழையாது. அவரவருக்கு அவரவர் பிள்ளைதான் அழகு.

எங்கள் பட்டறை முதலாளி திஹோமிர் வார்கா, என் மகன் டாம்யானை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தகப்பன். அந்த உறவை நாங்கள் 'கும்' என்போம், கூப்பிடும்போது 'கூமே'. கூடப்பிறந்தவனோடு வரப்புக்காக அடித்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கும்மோடு முகம் கோணினால் ஊரே காறித் துப்பும். அதனால்தான் நான் எதையும் முரட்டுத்தனமாகச் செய்யவில்லை.

துப்பாக்கியை வடிவமைத்தது நான். அடுப்புப் புகைக்குழாய் போல ஓர் உடல், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் கனத்த இரும்புக் கட்டை, ஒரு சுருள்வில், இரண்டு பிடி. சாப்பாட்டுக்கூடத்து ஷ்டெஃபிட்சா அக்கா அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்டா வின்கோ, இதுல பீன்ஸ் வேகுமா, இல்ல சுடத்தான் செய்யுமா?"

பதில் சீக்கிரமே கிடைத்தது. மேசையிலிருந்து வழுக்கிப் பின்பக்கமாகத் தரையில் மோதிய துப்பாக்கி தானாக வெடித்து, அவளுடைய புளித்த முட்டைக்கோஸ் பீப்பாயைத் துளைத்தது. மோதிய வேகத்தில் கட்டை பின்னால் எகிறி, திரும்பி வந்து தோட்டாவை அடித்துவிட்டது.

"எதிரி இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள என் கோசைச் சுட்டுட்டீங்களேடா பாவிகளா!"

நான் வழி கண்டேன். குழாயின் பக்கத்தில் ஒரு சிறு பள்ளம். கட்டையை இழுக்கும் கைப்பிடியை அதற்குள் மடக்கிவிட்டால் கட்டை அசையாது. துப்பாக்கியை மாடியிலிருந்து எறிந்தாலும் சுடாது. என் ஆயுளில் நான் செய்த அழகான வேலை அது.

பிறகு பெயர் பொறித்தார்கள். லோன்சாரிச் என்று என் பெயர் இருக்கும் என எதிர்பார்த்தேன். வார்கா என்று இருந்தது.

"உன் பேரு நீளம் கூமே, குழாய்ல இடம் பத்தாது," என்று திஹோமிர் என் தோளில் தட்டினான். "என் பேரா இருந்தா என்ன, உன் பேரா இருந்தா என்ன? நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே?"

பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பத்திரிகைப் படத்தில் திஹோமிர் தோட்டாக் கூட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தான். படத்தில் என்னுடையது ஒரு முழங்கை மட்டும். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் கும் ஆயிற்றே, என்ன கேட்க முடியும்?

மறுநாள் வரைபடத்திலிருந்து பள்ளத்தை அழித்தேன். அவன் பெயர் போட்ட பொருளுக்கு என் பள்ளம் எதற்கு? "புதுத் திருத்தம்" என்றேன். வேலை சீக்கிரம் முடிகிறது என்று திஹோமிர் எனக்கு ஒரு புட்டி பிளம் சாராயம் கொடுத்தான். ஏதாவது கல்யாணத்தில் ஒன்று கீழே விழும், இன்னொரு பீப்பாய் ஓட்டையாகும், ஊர் வார்காவைப் பார்த்துச் சிரிக்கும். நான் விரும்பியது அவ்வளவுதான்.

முதல் சிப்பாய்ப் பையன் லாரியிலிருந்து குதித்தபோது தோளில் இருந்த வார்கா வெடித்துச் செத்தான். இரண்டாமவன் ஏணியில் இறங்கும்போது. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் கும்மோடு மனஸ்தாபம் வரும். இரண்டாமவன் சவப்பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன். துப்பாக்கிப் பெட்டிகள் தொடர்ந்து போர்முனைக்குப் போயின.

டாம்யான் படையில் சேர்ந்தபோது ஒன்றே ஒன்றைப் பள்ளத்தோடு செய்தேன். லோன்சாரிச் என்று முழுதாகப் பொறித்தேன். இடம் தாராளமாகவே இருந்தது.

"எல்லாரும் வார்கா வெச்சிருக்காங்க. எனக்கு மட்டும் ஏன்பா வேற?" என்றான்.

"உனக்குன்னு பாத்துச் செஞ்சதுடா."

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு நிலவறையில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தான். எதிரே இருந்தவன் தன் வார்காவைச் சுவரில் சாய்த்தான். அது சறுக்கி விழுந்தது.

அடக்கத்தன்று திஹோமிர் என் காலைக் கட்டிக்கொண்டான். "என் பேரு போட்டது என் புள்ளையையே கொன்னுடுச்சே கூமே," என்று கதறினான். நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். அழக்கூட எனக்கு முறை வரவில்லை. அங்கேயும் அவன்தான் முன்வரிசை.

நேற்று அவன் உங்களிடம் வந்து, பிழை முழுவதும் தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். அவனுக்கு அந்தத் துப்பாக்கியில் ஒரு ஆணிகூடத் தெரியாது. குறையைக் கண்டவன் நான், தீர்த்தவன் நான், தெரிந்தே திரும்ப வைத்தவனும் நான். இதையும் அவன் பெயரில் எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. டாம்யானின் துப்பாக்கியும் அந்த அதிர்ச்சியில் அவன் மடியிலிருந்து கீழே விழுந்திருக்கிறது. அது சுடவில்லை. அதைக் கொஞ்சம் தெளிவாக எழுதுங்கள்.