கழற்றி வைத்த பம்ப்

காபிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் அம்மா. சர்க்கரை இல்லாமல் இருந்தால் போதும். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஆனால் பதினைந்து வருஷமாக யார் வீட்டுக்குப் போனாலும் சர்க்கரை போடாத காபிதான் குடிக்கிறேன். நாக்கு அதற்குப் பழகிவிட்டது.

காரணம் கேட்டால் உங்களுக்கு விநோதமாக இருக்கும். என் மூத்தவள் ஷண்முகப்ரியாவுக்கு ஆறாம் வகுப்பு படிக்கும்போது சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வந்து மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை. தினமும் ஊசி போட வேண்டும், மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜை யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். என் வீட்டுக்காரருக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. கல்யாணத்துக்குத் துணி எடுக்க, ஆஸ்பத்திரியில் காட்ட என்று திருநெல்வேலியிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் என் ஓரகத்தி மருந்துக் குப்பியைக் கையில் எடுத்து, "இது யாருக்குக்கா?" என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன்.

அன்றிலிருந்து நான் சர்க்கரைக்காரி ஆனேன். விசேஷ வீடுகளில் லட்டைத் தொட்டதில்லை. பந்தியில் பாயசம் வந்தால் இலையைக் கையால் மறைப்பேன். பெற்ற பெண்ணுக்காக எவள் இப்படி இருப்பாள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவள் பெருங்குடியில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலைக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் சம்பளத்தில் இன்சுலின் பம்ப் வாங்கிக்கொண்டாள். பம்ப் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். இரண்டு தீப்பெட்டியைச் சேர்த்துவைத்த அளவுதான் இருக்கும். இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், வயிற்றில் ஒட்டியிருக்கும் பட்டைக்குப் போகும். மருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கும். மேல்கையில் ஒரு சென்சார். உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்பதை அது பம்பின் திரைக்கு அனுப்பும். அளவு தாண்டினால் பம்ப் அதிரும்.

அதை மாட்டிய அன்று சொல்லிக்கொடுக்க வந்த நர்ஸ் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். குளிக்கும்போது கழற்றலாம், அதற்குமேல் கூடாது என்றாள். ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு நாள் முழுக்க நிற்கும் மருந்து ஒன்று உடம்பில் இருக்கும், பம்ப் போட்டவர்களுக்கு அது கிடையாது, கழற்றிவிட்டால் சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இருக்காது என்றாள். நான் தலையாட்டினேன். எனக்குப் புரியாமல் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பம்ப் வந்த பிறகு அவள் முகமே மாறிவிட்டது. நினைத்த நேரத்தில் சாப்பிட்டாள், சிநேகிதிகளோடு ஊருக்குப் போனாள், கன்னத்தில் சதை பிடித்தது. அதைச் சுடிதார் இடுப்பில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிக்கொள்வாள். மயிலாப்பூரில் கோயிலுக்குப் போனால் நான் துப்பட்டாவை இழுத்து அதை மூடுவேன். அவள் மறுபடி ஒதுக்கிவிடுவாள். "என்னம்மா, திருடிட்டா வந்திருக்கேன்?" என்பாள்.

அடையாற்றிலிருந்து வரன் வந்தது. நகைக்கடைக் குடும்பம், எங்கள் பக்கத்து ஆட்கள். பிள்ளை ஸ்ரீஹரி. பெண் பார்க்க வந்த அன்று பட்டுப்புடவைக்குள் பம்பை மறைத்துச் சமாளித்துவிட்டோம். பிள்ளைக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவன் அம்மா என்னை அன்றே மதினி என்று கூப்பிட்டார். சொல்லிவிடலாம் என்று ஷண்முகப்ரியா சொன்னாள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் வாயை அடைத்தேன்.

நிச்சயதார்த்தத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வீட்டார் தட்டில் புடவை கொண்டுவருவார்கள். பிள்ளையின் அக்கா தங்கை யாராவது பெண்ணை உள்ளே கூட்டிப்போய்த் தன் கையாலேயே அதைக் கட்டிவிட வேண்டும். கட்டியதும் வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகுவார்கள். மடி கட்டுவது என்போம். என் நிச்சயத்தன்று என் நாத்தனாரின் கை என் இடுப்பைச் சுற்றி வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கை வருகிற இடத்தில்தான் இவளுக்கு பம்ப்.

"ஒரே ஒரு நாள் கழட்டி வைட்டி. நான் ஊசி போட்டுவிடுதேன். எத்தன வருஷம் போட்ட கை" என்றேன்.

"ஒரு நாள் முழுக்கவா? டாக்டர்கிட்டயாவது கேட்டுக்கறேன்மா."

டாக்டர் என்றால் பேச்சு நீளும், அவர் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று நினைத்தேன். கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு நாளைக்கு மட்டும் வேறு ஊசி எழுதித் தந்திருப்போம், ஒரு போன் பண்ணியிருந்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் இப்போது சொல்கிறார்கள்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நான் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. சாப்பிடாமல் இருந்தேன். கேட்டவர்களிடம் பசியில்லை என்றேன். மறுநாள் அவளே தட்டில் தோசை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "சரி, கழட்டிடறேன். சாப்பிடு" என்றாள். நாலு தோசை சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது.

நிச்சயத்தன்று விடிகாலையில், ஊரிலிருந்து ரயிலில் வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன்பே கழற்றச் சொன்னேன். வயிற்றிலிருந்த பட்டையை நானே பிய்த்தேன். கை சென்சாரை மட்டும் விட்டுவைத்தேன், ரவிக்கை முழங்கைவரை இருந்ததால் அது தெரியவில்லை. பம்பையும் ஊசிப் பேனாவையும் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இட்லிக்கு முன்னால் பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஊசி போட்டேன். அன்றைக்குப் போட்டது அது ஒன்றுதான்.

அப்புறம் நேரமே கிடைக்கவில்லை என்று உங்கள் ஏட்டம்மாவிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை.

நாங்கள் மண்டபத்துக்குப் போன கையோடு, மதியமே பிள்ளையின் அக்கா இந்துஜாவும் வந்துவிட்டாள். நல்ல பெண். வந்ததிலிருந்து இவள் கையை விடவில்லை. ஆனாலும் ஒருமுறை நானும் ஷண்முகப்ரியாவும் மட்டும் குளியலறைக்குள் இருந்தோம். பேனா என் பையில் இருந்தது. கதவுக்கு வெளியே இந்துஜா ஏதோ பேசிக்கொண்டே நின்றாள். மருந்தளவு வைக்கும்போது பேனா டிக் டிக் என்று சத்தம் போடும். அப்புறம் என்று சைகை காட்டினேன். அவள் குழாயைத் திறந்து இரண்டு கையிலும் ஏந்தித் தண்ணீர் குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள்.

பம்ப்தான் கழற்றியாகிவிட்டதே, சர்க்கரை ஏறியது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். சென்சார் கையில் இருந்ததே அம்மா. அவள் பக்கத்தில் போகும்போதெல்லாம் என் பை அதிர்ந்தது. "போன் அடிக்குது மதினி, எடுங்க" என்றார் சம்பந்தியம்மா. கடையிலிருந்து கூப்பிடுகிறார்கள், இருக்கட்டும் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று எடுத்தும் பார்த்தேன். எண் தெரிந்தது. மேலே போகிற அம்புக்குறியும் தெரிந்தது. திரும்பப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினேன்.

சாயங்காலம் புடவை கட்டினார்கள். இந்துஜாவின் கை அவள் இடுப்பைச் சுற்றி வந்தது. ஒன்றும் தட்டுப்படவில்லை. மடி கட்டி, "எவ்ளோ ஒல்லி இடுப்பு, பாருங்களேன்" என்று எல்லாரையும் சிரிக்கவைத்தாள். நானும் சிரித்தேன். மனசு லேசாகிவிட்டது. உங்களிடம் சொன்னதிலெல்லாம் இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் வாந்தியெடுத்தாள். நாற்காலியில் சாய்ந்து பெரிது பெரிதாக மூச்சு வாங்கினாள். வெயில் என்றார்கள், காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்றார்கள். நான் முகம் துடைக்கக் குனிந்தேன். மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை அடித்தது. ஆறாம் வகுப்பில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்றும் அதே வாசனைதான். அந்த அறையில் அது என்ன வாசனை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். "அம்மா, ஊசி" என்று காதுக்குள் சொன்னாள். "இந்தா, தட்டு மாத்தினதும்" என்றேன்.

பிள்ளையின் பெரியப்பா ரிட்டயர் ஆன டாக்டர். அவரை அழைத்துவந்தார்கள். நாடி பார்த்தார். "பொண்ணுக்கு சுகர் கிகர் ஏதும் உண்டாம்மா?" என்று கேட்டார். சம்பந்தியம்மா என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"அவளுக்கு எதுக்கு டாக்டர் சுகர்? எனக்குத்தான் இருக்கு."

"அப்ப பசி மயக்கம்தான். குளுக்கோஸ் கரைச்சுக் குடுங்க, தெளிஞ்சிடும்."

சின்னவள் தாரணி சுவரோரம் நின்றிருந்தாள். காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறாள். "அம்மா" என்று ஒரு மாதிரி கூப்பிட்டாள். அக்காவுக்கு மாற்றுப்புடவை எடுத்துவா என்று அவளை வீட்டுக்கு விரட்டினேன்.

குளுக்கோஸைக் கரைத்தது சம்பந்தியம்மா. குடிக்கவைத்தது நான். டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் ஷண்முகப்ரியா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "குடிட்டி, சரியாயிரும்" என்றேன். குடித்தாள். சின்ன வயசிலிருந்தே நான் சொன்னால் கேட்பாள்.

தூங்கட்டும் என்று எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அறையை வெளியில் தாழ்ப்பாள் போட்டேன். தட்டு மாற்றும்போது பெண் சபையில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பத்திரிகை வாசித்தார்கள். தட்டு மாற்றினோம். எனக்குச் சந்தனம் கொடுத்தார்கள், பூசிக்கொண்டேன்.

அது முடிந்ததும் ஸ்ரீஹரி நேராக என்னிடம் வந்தான். பின்னாலேயே அவன் அம்மா.

"அத்தை, ப்ரியாவோட பம்ப் எங்க?"

அவனுக்குத் தெரிந்திருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன அன்றே போனில் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவனும் சரி என்றிருக்கிறான். நிச்சயம் முடிந்ததும் வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னானாம். நான் யாருக்காக மறைத்தேனோ அவனுக்கே தெரிந்த விஷயம். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா முகத்தையும் பார்த்தேன்.

"என்ன பம்ப், மாப்பிள்ளை?" என்றேன்.

தாரணி வீட்டுக்குப் போகவே இல்லை, மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னது அவள்தான். என் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். சந்தன டப்பா, சில்லறை எல்லாவற்றுக்கும் நடுவே பம்ப் கிடந்தது, பேனாவும் கிடந்தது. ஸ்ரீஹரி தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே ஓடினான். அவளை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். கை தொங்கிற்று. வாசலில் மண்டபத்து வாட்ச்மேன், "இன்னாம்மா, பொண்ணு இப்டி கீது? ஆம்புலன்ஸ்க்கு நின்னுக்கினு இருக்காதீங்க, கார்ல ஏத்துங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டான். எனக்குக் காரில் இடம் தரவில்லை. தாரணி கதவைச் சாத்திவிட்டாள்.

ஷண்முகப்ரியா கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மதினி. நான் என் கையாலயே கரைச்சுக் குடுத்தேனே" என்று அழுதார். சொல்லியிருந்தால் வேண்டாம் என்று போயிருப்பீர்கள் என்று நான் நினைத்தேன். போயிருப்பார்களா என்று எனக்கு இன்றைக்குவரை தெரியாது. போயிருந்தாலும் அவள் உயிரோடு இருந்திருப்பாள்.

புகார் கொடுத்தது தாரணி என்கிறீர்கள். சரியாகத்தான் கொடுத்திருக்கிறாள். அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பம்பைக் கழற்றவைத்தது நான். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே போடாமல் இருந்தது நான். குளுக்கோஸ் என்று தெரிந்தே குடிக்கவைத்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டதும் நான்தான். என் பெண்ணை நான்தான் கொன்றேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் வேண்டாம். பேப்பரில் என் படம் வந்தாலும் பரவாயில்லை.

சர்க்கரை வியாதி என்று மட்டும் எதிலும் எழுதாதீர்கள், அம்மா. அடுத்த வருஷம் தாரணிக்கு வரன் பார்க்க வேண்டும்.