இரண்டாயிரம் டாலருக்கு மேல்

எங்கள் வீட்டில் மாதக் கடைசி நாள் என்றால் நல்ல சாப்பாடு இருக்கும். தடிமனான மாட்டுக்கறித் துண்டு, வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, பேக்கரியில் வாங்கிய ஆப்பிள் கேக். ஊனமுற்றோருக்கான அரசு உதவி வாங்குகிற பல வீடுகளில் இப்படித்தான். முதல் தேதி விடியும்போது வங்கியில் இரண்டாயிரம் டாலருக்கு மேல் இருந்தால் உதவி நின்றுவிடும். அதனால் மிஞ்சுவதைத் தின்று தீர்க்க வேண்டும்.

என் தம்பி வெண்டல் அதை வைத்துக் கேலி செய்வான். "இன்னிக்கு ஒரு நாள் நான் பணக்காரன், ஐரிஸ். விடிஞ்சா ஏழையாயிடணும். சீக்கிரம் தட்டை வை." பத்தொன்பது வயதில் ஒஹாயோ ஆற்றில் தலைகீழாகக் குதித்துக் கழுத்தெலும்பை முறித்துக்கொண்டவன். வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். அவன் பணத்தை வாங்கிச் செலவு செய்யும் பொறுப்பை அரசு என்னிடம் கொடுத்திருந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு காசு நான் எடுத்ததில்லை. விசாரிக்க வந்த நீங்களே கணக்கைப் பார்த்திருப்பீர்கள், ஐயா.

டோரீன் என்பவள் அவனுக்குச் சர்ச்சில் பழக்கம். வலிப்பு நோய்க்காக அவளும் உதவி வாங்குகிறவள். இருவரும் கல்யாணம் செய்தால் உதவி அலுவலகத்தில் தொகையைக் குறைப்பார்கள். ஒரே வீட்டில் குடியிருந்தாலும் கணவன் மனைவி என்றே எழுதிக்கொள்வார்கள். அதனால் லிஃப்ட் உள்ள அரசுக் குடியிருப்பு ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு வீடு கேட்டு மனுப் போட்டார்கள். ஆறு வருடம் காத்திருந்தார்கள்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. நவம்பரில் சாவி. அவன் கணக்கில் ஆயிரத்து எண்ணூற்றறுபது இருந்தது, முன்பணத்துக்குப் போதும்.

"நடுவுல ஒரே சுவருதான், ஐரிஸ். ரெண்டு தட்டு தட்டினா காபி ரெடின்னு அர்த்தம்."

"அவ காபியக் குடிச்சா வயித்த வலிக்கும்டா," என்றேன். நன்றாகச் சிரித்தான்.

எனக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்து வந்தால், இன்று என்ன நடந்தது என்று என்னைக் கேட்க அவன் ஒருவன்தான். அவன் போனபின் அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று யோசித்தபடியே பல நாள் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த அக்டோபர் கடைசி நாளில் அவன் கறி வேண்டாம் என்றான். திரைச்சீலை வாங்கப் பணம் வேண்டுமாம். சரி என்றேன். மதியம் வங்கிக்குப் போய் என் பணத்தில் முந்நூறு டாலரை அவன் கணக்கில் போட்டேன். மறுநாள் காலையில் உதவி அலுவலகத்துக்கு நானே போன் செய்து, வரம்பு மீறிவிட்டது என்று சொன்னேன். மறைப்பது குற்றம் அல்லவா.

பணம் நின்றது. வருமானச் சான்று இல்லாததால் வீடு வேறொருவருக்குப் போனது. வெண்டல் இரண்டு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு சொன்னான்:

"என் தப்புதான். அன்னிக்கு ஒழுங்கா தின்னிருக்கணும். உனக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சுடு."

மன்னித்தேன். அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது.

அந்த முந்நூறை எடுத்துவிட்டு ஒரு படிவம் அனுப்பினால் எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும். படிவம் என் மேசையில் இருந்தது. அதை அனுப்பினால் அவன் மறுபடி வீட்டுக்கான வரிசையில் நிற்பான்.

உதவியோடு மருத்துவக் காப்பீடும் போனதால், காலையிலும் மாலையிலும் வந்து அவனைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்கவைக்கும் கிளிஃப் வருவதை நிறுத்தினான். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னால் முடிந்தவரை புரட்டினேன். எனக்கு அறுபத்தொன்று, இடுப்பு சரியில்லை. ஜனவரியில் அவன் இடுப்பின் அடியில் ஒரு புண் வந்தது. முதலில் நாணயம் அளவு. பிறகு எலும்பு தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அங்கிருந்து பராமரிப்பு விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் கொண்டுபோகவில்லை. உப்புத் தண்ணீரில் கழுவினேன், சுத்தமான துணி வைத்தேன். டோரீன் இரண்டு முறை கதவைத் தட்டினாள். தூங்குகிறான் என்று இரண்டு முறையும் சொன்னேன்.

புண் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்தது என்று உங்கள் டாக்டர் எழுதியிருப்பது சரிதான். எனக்கு அது அவன் சாவதற்கு ஒன்பது நாள் முன்பே தெரியும். நாற்றத்தை வைத்தே தெரியும்.

கடைசி நாள் காய்ச்சலில் அவன் கண் திறக்கவில்லை. "டோரீன்?" என்று கூப்பிட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கதான் இருக்கேன்," என்றேன். அவனுக்கு அசைகிற அந்த ஒரு கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டான். சிரித்தான் கூட. உயிர் போகும்வரை விடவில்லை. அந்தப் பிடியை நீங்கள் பார்த்திருந்தால் இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டீர்கள், ஐயா. அவனுக்கு என்னை விட்டுப் போக மனமே இருந்ததில்லை.