அடியில் கிடந்த நம்பர்

காலையில் ஒரு சாயா உள்ளே போகாமல் எனக்கு எதுவும் ஓடாது. வாங்கித் தந்ததற்கு நன்றி, சார். எழுதித்தாரும் என்று நீங்கள் பேப்பர் தந்ததும் நல்லதாகப் போயிற்று. வாயால் சொல்ல இப்போது தெம்பில்லை. நாலு நாளாகச் சரியான தூக்கம் கிடையாது.

என் பெயர் ஜான்ரோஸ், வயது அறுபத்தொன்று, ஊர் நாகர்கோவில். பழைய கார்களைப் பார்த்து, இது கம்பெனியில் இருந்து வந்த அதே இன்ஜின்தானா, இடையில் மாற்றியதா என்று சொல்வது என் தொழில். வெளியே பார்க்க ஒன்றுமில்லாத வேலை. இன்ஜினில் குத்தியிருக்கும் நம்பரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மேலே பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் பேப்பரில் ஏறிவிடும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரோடு அது ஒத்துப்போனால் மட்டும் போதாது. எழுத்தின் வடிவம், குத்தின் ஆழம், சுற்றியுள்ள இரும்பின் சொரசொரப்பு எல்லாம் பார்க்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் வண்டி வாங்குகிறவர்கள், ஜான்ரோஸ் பார்த்தாச்சா என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியில்தான் நான் சாப்பிட்டு உடுத்து வாழ்ந்தேன்.

ஆரல்வாய்மொழியில் நீலகண்டன் வீட்டில் நின்ற வண்டி 1961 மாடல் அம்பாசிடர். அவருடைய அப்பா பகவதியப்பன் பிள்ளை வாங்கியது. 1989-இல் நான் ஒரு பட்டறையில் வேலை செய்தபோது அதைச் சர்வீஸுக்கு விட்டார்கள். வேலை முடித்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட மறந்து, ஓட்டிப் பார்க்கிறேன் என்று நான் தோவாளை வரை போய்விட்டேன். இன்ஜின் பிளாக் வெடித்துவிட்டது. பழைய இரும்பு விற்கும் ஆக்கர் கடையெல்லாம் அலைந்து அதே வருஷத்து பிளாக் ஒன்றைப் பிடித்து, அதன் நம்பரை அரம் போட்டுத் தேய்த்து, பகவதியப்பன் பிள்ளையின் நம்பரை அதில் குத்தினேன். அந்த வேலையைப் பற்றி நானே சொல்லக்கூடாது, சுத்தமாக இருந்தது. பிள்ளைக்குத் தெரியாது. மகனுக்கும் தெரியாது.

பிறகு நான் இந்தத் தொழிலுக்கு வந்து பெயரெடுத்ததே அந்த வண்டியால்தான். பழைய கார் கண்காட்சிக்கு அனுப்ப நீலகண்டன் சான்று கேட்டார். இன்ஜின் ஒரிஜினல் என்று எழுதிக் கொடுத்தேன். வண்டிக்குப் பரிசு கிடைத்தது, படம் பேப்பரில் வந்தது, கீழே என் பெயரும் வந்தது. அதன் பிறகு இன்னும் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை பேனாவை இரண்டு முறை மூடி வைத்துவிட்டுத்தான் எழுதினேன். மூன்றாம் தடவை எனக்கே அது ஒரிஜினல்தான் என்று தோன்றியது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது முப்பத்தைந்து வருஷம் நின்றது.

ஆன்ஸ்லின் என் மனைவி பூங்கனியின் தம்பி. பதினேழு வருஷம் சவுதியில் தம்மாமில் எண்ணெய்க் குழாய்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை செய்துவிட்டு, போன வருஷம் ஊரோடு வந்துவிட்டான். என்னோடு வரட்டுமா என்று கேட்டான். எனக்கு அவனைப் பிடிக்கும், அதனால் சரி என்றேன். இந்த வண்டியை வாங்க வந்த திருவனந்தபுரம் ஹரிகுமார், கண்ணால் பார்த்தது போதாது, கருவி வைத்தும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அவனிடம் கருவி இருந்தது.

ஆனி மாதம், சனிக்கிழமை. நாகர்கோவிலில் இருந்து போகும் வழியில்தான் அவன் அதை விளக்கினான்.

"இரும்பத் தேய்ச்சா நம்பரு போவாது அத்தான். பழைய குத்து அடியில கெடக்கும். காந்தத்த வச்சுப் பொடி தூவினா எழும்பி வரும்."

அப்படியா என்று கேட்டேன். முப்பது வருஷத் தொழிலில் அது எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆரல்வாய்மொழியில் அந்த மாதக் காற்று உங்களுக்குத் தெரிந்ததுதான். கணவாய் வழியாக மேற்கே இருந்து வந்தால் ஆளையே தள்ளும். அங்குள்ள பட்டறைக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. ஜாக்கி போட்ட வண்டியின் பின் சக்கரங்களுக்குக் கல் வைப்பார்கள். அந்தக் கல்லைக் கீழே போகிறவன்தான் தன் கையால் வைக்க வேண்டும். தகப்பன் வைத்தாலும் நம்பக்கூடாது. ஒவ்வொரு தடவை கீழே போகும்போதும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வண்டி முற்றத்தில் மேற்கே பார்த்து நின்றது. முற்றம் கிழக்கே சரிவு. கைபிரேக் நான் அறிந்த நாள் முதல் பிடித்ததில்லை. ஆன்ஸ்லின் பானெட்டைத் திறந்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கல் வைத்தான். நம்பர் அந்த இன்ஜினில் பக்கவாட்டில் அடியில் இருக்கும், படுத்தால்தான் தெளிவாகத் தெரியும். நீலகண்டன் என்னைச் சாயா குடிக்கக் கூட்டிப்போனார். கடையில் அவர் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சாயா ஆறுவதற்குள் எனக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. நீலகண்டன் வங்கிக்குப் போனார். நான் திரும்பி வந்தேன்.

ஆன்ஸ்லின் வண்டியருகே நின்று போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பைக்குள் போட்டுவிட்டான். பாதி சோதனை முடிந்துவிட்டது, மீதி இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

"கீழ ஒரு சோலி பாக்கி கெடக்கு அத்தான்," என்று சொல்லிப் படுத்தான். "கல்லு சரியா இருக்கா?"

"இருக்கு மக்கா. நீ போ," என்றேன்.

அப்போது இருக்கத்தான் செய்தது. அவன் தலை உள்ளே போன பிறகு வலது பக்கக் கல்லைக் காலால் நகர்த்தினேன். இடது பக்கத்தில் இருந்தது சின்னக் கல். திறந்த பானெட் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்தது. நான் வண்டியைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் வரவில்லை. வண்டி பின்னால் உருண்டு ஜாக்கியை விட்டு அவன் மேல் இறங்கியது.

அவன் ஒரு தடவை அத்தான் என்றான். நான் பதில் சொல்லியிருக்கலாம், ஜாக்கியும் பக்கத்தில்தான் கிடந்தது. கல்லை எடுத்துச் சக்கரம் உருண்ட தடத்தில் ஓரமாகப் போட்டேன். சத்தம் நின்ற பிறகு ஆளைக் கூப்பிட்டேன். காற்று தள்ளிவிட்டது என்று வந்தவர்களே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

அடக்கத்துக்கு வேண்டியதை எல்லாம் நான்தான் பார்த்தேன். ஆராதனையில் வேதபாடம் வாசித்தேன். அவன் மனைவி லிஜா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க மட்டும் இல்லைன்னா எங்களுக்கு யாரு உண்டு அண்ணே என்று அழுதாள். அவளுக்கு அரிசியும் மருந்தும் தவறாமல் கொண்டு கொடுத்திருக்கிறேன். பூங்கனி தம்பியை நினைத்து ராத்திரி அழும்போது முதுகைத் தடவிக் கொடுப்பேன். அதில் நடிப்பு இல்லை. எனக்கும் வருத்தம் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை பூங்கனி அவனுடைய போனைக் கொண்டுவந்தாள். லிஜா கடையில் கொடுத்துத் திறந்திருக்கிறாள். அவனுடைய நல்ல படம் ஏதாவது இருந்தால் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்று பூங்கனி என்னைத் தேடச் சொன்னாள். கடைசிப் படம் அந்த இன்ஜின். நான் குத்திய நம்பரின் அடியில், கறுப்புப் பொடியில், நான் தேய்த்த நம்பர் எழும்பி நின்றது. அதற்கு நாலு நிமிஷம் கழித்து அவன் ஹரிகுமாருக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். "இன்ஜின் ஒரிஜினல்தான் சார். கருவி வச்சும் பாத்தாச்சு. அத்தான் எழுதிக் குடுத்ததெல்லாம் சரி."

கீழே பாக்கி இருந்த சோலி என்னவென்று அப்போதுதான் விளங்கியது. அவனை வெளியே எடுத்தபோது கையில் மண்ணெண்ணெய்த் துணி இருந்தது. நான் பார்ப்பதற்கு முன் அந்தப் பொடியைத் துடைக்கப் போயிருக்கிறான்.

அதைப் பார்த்த பிறகுதான் தூக்கம் போயிற்று. ஹரிகுமார் அவன் பேச்சை நம்பி வண்டியைக் கொண்டுபோய்விட்டார். என்னால் அதைச் சும்மா விட முடியவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். கல்லை நகர்த்தியது நான்தான், அதற்கு என்ன தண்டனையோ தாருங்கள். ஒன்றை மட்டும் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள், சார். இந்தத் தடவை நான் எந்தச் சான்றிலும் கையெழுத்துப் போடவில்லை. ஹரிகுமாருக்குப் போன பொய் ஆன்ஸ்லின் சொன்னது.