பதினாலாவது நிபந்தனை

இல்லம்மா, நம்பர் இன்னும் கூப்பிடல. உக்காருங்க. இந்த மேல்முறையீட்டு மன்றத்துல ஃபேன் ஓடுறதே இந்த பெஞ்சுக்கு மேல மட்டுந்தான். அதான் காலையிலயே வந்து எடம் புடிச்சுட்டேன்.

நானா? நகராட்சிக் கவுன்சில் மேலதான் வழக்கு. கீழ ஒரே ஒரு ரூம் கட்டணும், ஒட்டினாப்ல ஒரு பாத்ரூம். வீட்டுக்காரிக்கு இடுப்பெலும்பு ஒடஞ்சு நாலு மாசமாச்சு. படுக்குறது, குளிக்கிறது எல்லாமே எங்களுக்கு மாடியில. இப்ப அவ ஹால் சோபாவுல படுத்து, சமையல்கட்டு மூலையில திரை கட்டிக் குளிக்கிறா. பாக்க சகிக்கலம்மா. வாய் மட்டும் மாடி வரைக்கும் கேக்குது, அதுல ஒரு கொறையும் இல்ல.

அனுமதி குடுத்தாங்க, குடுக்காம என்ன. பின்னாடியே பதினேழு நிபந்தனை. மழைத்தண்ணி வடிகாலா, சரி. பக்கத்து வீட்டப் பாத்து ஜன்னல் கூடாதா, அதுவும் சரி. பதினாலாவதுதான் வில்லங்கம். பஸ் ஸ்டாப்புக்காகத் தெருவோரம் ஆறடி விட்டுக்குடுக்கணுமாம். எங்க தெரு முட்டுச்சந்தும்மா! பஸ் உள்ள வந்துச்சுன்னா ரிவர்ஸ்லதான் போயாகணும். அந்த ஆறடி போச்சுன்னா ரூம்ல கட்டில் போடலாம், சக்கர நாற்காலி திரும்பாது.

சட்டம் தெளிவாத்தான் இருக்கு. நிபந்தனை போடலாம், ஆனா இஷ்டத்துக்குப் போட முடியாது. நாம கட்டுற கட்டடத்தால என்ன தேவை வருதோ, அதுக்குத்தான் போடணும். எம் பொண்டாட்டி கீழ படுத்தா பஸ்ஸுல கூட்டம் கூடிருமா, சொல்லுங்க? கேட்டா, வழக்கமா போடுறதுதாங்கன்னு பதில் வருது.

பரவால்லயே, கண்டுபுடிச்சிட்டீங்களே. ஆமா, முப்பது வருஷம் அந்த ஆபீஸ்தான், கட்டட அனுமதிப் பிரிவு. புது ஃபைல் வந்தா பழைய ஃபைல்ல இருந்து நிபந்தனைய எடுத்து, பேர மாத்தி அடிச்சுருவோம். சேக்க எல்லாருக்கும் கை வரும், எடுக்க எவனுக்கும் தைரியம் வராது. எடுத்தா ஏன் எடுத்தன்னு கேப்பாங்க. விட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்.

உங்களுக்கு என்ன கேஸு? சலவைக் கடையா? காட்டுங்க. இருங்க, கண்ணாடி... அட, இதுலயும் அதே பதினாலாவது. ஆறடியக் குடுத்தே குடுத்துட்டீங்களா? கடைப் படிய இடிச்சா? அய்யய்யோ, பலகை போட்டா ஏறுறாங்க? யாரு, உங்கம்மாவா விழுந்தாங்க? பஸ்ஸு? வரவே இல்லயா.

ம்.

அது மொதமொதல்ல ஒரு சினிமா தியேட்டருக்குப் போட்டதும்மா. படம் விட்டா எழுநூறு பேரு நடுரோட்டுல பஸ்ஸுக்கு நிப்பாங்க. அங்க அது நியாயம். மறுவாரம் ஒரு வீட்டு ஃபைல் அவசரமா வந்துச்சு. சாப்பாட்டு நேரம். படிச்சுப் பாக்காம அப்படியே போட்டாச்சு. ரெண்டயும் அடிச்சது நாந்தான்.

நேத்துதான் வீட்டுக்காரிகிட்டயே சொன்னேன். மாடி வரைக்கும் கேக்குற வாய், தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம், எழுதுன கைதானே, நீங்களே போய் அந்த நிபந்தனைய அடிச்சு எடுத்துட்டு வாங்கன்னுட்டா.

கூப்பிடுறாங்க, என் நம்பருதான். அந்த ஃபைலக் குடுங்கம்மா, உங்களோடதயும் சேத்துக் காட்டுறேன்.

குடுக்க மாட்டீங்களா? அதுவும் சரிதான். நீங்களே எடுத்துக்கிட்டு வாங்க.