நாடகத்தில் ஒருத்தி காட்டிக் கொடுத்தாள்

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் ரீவியில் பார்த்த உளவாளி நாடகத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

“விரும்பினவனையே காட்டிக் குடுத்திட்டாள். அவளும் ஒரு பொம்பிளையோ?” என்றாள் மூத்தவள்.

“அவளைத் திட்டாதேங்கோ அக்கா,” என்றாள் இளையவள். “உங்கட தம்பியை நான்தான் காட்டிக் குடுத்தனான்.”

மூத்தவள் சட்டென்று திரும்பினாள். “என்ன சொல்லுறாய், ஸ்டெல்லா?”

“அவர் எங்கட மேல்மாடி அறையிலதானே வாடகைக்கு இருந்தவர். பொலிஸ் வந்து, ஆளைக் காட்டாட்டி அப்பாவைக் கொண்டுபோவம் எண்டவங்கள். நான் மேல கையைக் காட்டினனான்.”

“நீ அவனை விரும்பினனீயெல்லோ? வீட்டுக்குத் தெரியாமல் கலியாணம் முடிக்க இருந்தனீங்களெல்லோ?”

“ஓம்.”

“ரெண்டு வருஷமா இந்தப் படத்தையும் கொண்டு என்னோட ஆமிக் காம்ப் காம்பா அவனைத் தேடி அலைஞ்சனீயேடி!”

“ஓம் அக்கா.”

கொள்ளுப்பிட்டியில் பஸ் நின்றதும் மூத்தவள் எழுந்தாள். இளையவளும் கூடவே எழுந்தாள்.

“நீ வராத,” என்றாள் மூத்தவள். இளையவளின் கையிலிருந்த தம்பியின் படத்தை வாங்கிக்கொண்டு, தனியே இறங்கிப் போனாள்.