வீட்டுறுதி தேடிய பதினொரு நிமிடம்

காலை ஒன்பது நாற்பது. தண்ணீர் நெஞ்சளவு. தோணியின் எஞ்சின் இருமி இருமி ஓடுகிறது. நான்காவது நாள் மழை. குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள்.

"கம்பியில கை வைக்காதீங்க! கரண்ட் இரிக்கி!"

கத்துவது பளீல் நானா. பள்ளிவாசல்துறை மீனவர். தோணி அவருடையது. நான் நிவாரணக் குழுவில் பெயர் பதிபவள். போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் கடல்நீரேரிக் களப்போரத்தில் கட்டிய குடியிருப்பு அது. நானும் அப்படி வந்தவள்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மிச்சம் இரண்டு வீடு. முதலாவதில் ஜெசீமா ராத்தா. தனியாக இருப்பவர். வாசலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். தோணியில் ஏற மறுக்கிறார்.

"வீட்டுறுதிப் பத்திரம் இல்லாம நான் வரமாட்டன். ஒருக்கா வெறுங்கையோட வந்தது போதும்."

கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். பயிற்சியில் அதைத்தான் சொல்லித் தந்தார்கள். நான் இழுக்கவில்லை. என் உம்மாவும் மன்னார் வீட்டின் உறுதியை அலுமாரியில் விட்டுவிட்டு வந்தவர். மௌத்தாகும்வரை அந்த அலுமாரியைப் பற்றியே கதைத்தார்.

"தேடுங்க ராத்தா. நானும் வாறன்."

ஒன்பது நாற்பத்தேழு. உள்ளே இருட்டு. மெத்தை மிதக்கிறது. காலடியில் களிமண் வழுக்குகிறது. அலுமாரியில் இல்லை. மேசைக்குள் இல்லை.

"வெளிய வாங்க! தண்ணி ஏறுது!" தோணியிலிருந்து பளீல் நானா.

கடைசியில் றங்குப்பெட்டிக்குள் இருந்தது. பொலித்தீன் பையில், நனையாமல். ராத்தா அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். தோணியில் ஏறியபோது ஒன்பது ஐம்பத்தெட்டு.

அடுத்த வீட்டுக்குத் திரும்பும் முன் ஒரு சத்தம். இடி இல்லை. ஈர மூட்டை விழுந்தது போல. ஒரே ஒரு தடவை.

அது மர்சூக் காக்காவின் வீடு. பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாக நடக்க முடியாதவர். அவருடைய மனைவி சபியா கிணற்றுக் கட்டில் ஏறி நின்றார். அவர் அழவில்லை.

"சுவர் இப்பத்தான் விழுந்த. அவரு உள்ளுக்கு."

இப்பத்தான். அந்தச் சொல்லை மட்டும் நான் கேட்டேன். பளீல் நானா குதித்தார். மூன்று முறை மூழ்கி வெறுங்கையோடு எழுந்தார். நான்காவது முறை உடலைக் கொண்டுவந்தார்.

பின்னேரம் பள்ளிக்கூட முகாம். நான் பாண் பங்கிடுகிறேன். ஒரு தாய் பிள்ளைக்கு உலர்ந்த துணி கேட்டார். "எனக்கிட்ட மட்டும் ஏன் கேக்கிறீங்க?" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசீமா ராத்தா உறுதியைக் கதிரையில் விரித்துவைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். பாணை வைத்துவிட்டு வெளியே போனேன்.

பின்னால் வந்த பளீல் நானா, பெயர் பதியும் கொப்பியை என் கையிலிருந்து வாங்கினார். "ஒம்பது பேரக் கொண்டுவந்திரிக்கிறம். அத நினை மகள்."

நினைத்தேன். ஒன்பது முகமும் நினைவுக்கு வரவில்லை. அந்தச் சத்தம் மட்டும் வந்தது. அடுத்த நாளும் வந்தது. கதவு சாத்தினால் வந்தது. அரிசி மூட்டை இறக்கினால் வந்தது. குழுவின் பொறுப்பாளர் லீவு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வீட்டில் இருந்தால் இன்னும் கூடுதலாகக் கேட்டது.

ஏழாம் நாள் சபியாவிடம் போனேன். கணவனை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில், தங்கையின் வீட்டில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உறுதி. பதினொரு நிமிடம். நான் இழுக்காதது.

"அவக்கு உறுதி கெடச்சதா?"

"ஓம்."

எழுந்து உள்ளே போனார். நான் முன்னறையில் காத்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. தங்கை தேத்தண்ணி கொண்டுவந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் வெள்ளங்களுக்குப் போயிருக்கிறேன். ஆட்களைக் கையைப் பிடித்து இழுக்கிறேன். முகத்தைப் பார்ப்பதில்லை. வேகமான ஆள் என்று பெயர் எடுத்திருக்கிறேன்.

அந்தக் குடியிருப்பில் இழந்தவை: பதினாறு வீடுகள். இருபத்திரண்டு ஆடுகள். மதரசாவின் கூரை. ஆள், ஒருவர். இழப்புப் படிவத்தை நிரப்பியவள் நான்தான். மரணத்துக்குக் காரணம் எழுத மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். சுவர் இடிந்து விழுந்தது என்று எழுதினேன். மிச்சம் இரண்டு வரி வெறுமையாக இருந்தது. அப்படியே ஒப்படைத்தேன்.